சட்டம் தடுக்கி நிற்கும் முதல் மேசை

கேள்வி: ஐயா, வணக்கம். நான் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. எங்கள் பகுதியிலுள்ள ஒரு பலகாரக் கடையில் தமிழ்நாட்டிலிருந்து வந்த இரண்டு இளைஞர்கள் சமையல் வேலை செய்கிறார்கள். எனக்குத் தமிழ் பேசத் தெரியும் என்பதால் அவர்களில் ஒருவர் தயங்கித் தயங்கி என்னிடம் சில விஷயங்களைச் சொன்னார். மாதம் 12,000 ரேண்ட் சம்பளம் என்று ஊரில் ஒரு ஏஜென்ட் ஆசை காட்டி, வேலை விசா என்று பணம் வாங்கிக்கொண்டு, பார்வையாளர் விசாவில் அனுப்பியிருக்கிறார். வந்த அன்றே முதலாளி பாஸ்போர்ட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டார். விமானச் செலவும் கமிஷனும் கடன் என்று சொல்லி எட்டு மாதமாகச் சம்பளம் தரவில்லை. இரவில் அவர்கள் படுக்கும் பின்னறையை வெளியிலிருந்து பூட்டுகிறார்கள். நான் காவல் நிலையத்துக்குப் போய்ச் சொன்னேன். "இது சம்பளத் தகராறு, சிசிஎம்ஏ-வுக்கு (வேலைத் தகராறுகளைச் சமரசம் செய்யும் அமைப்பு) போங்கள், விசா முடிந்திருந்தால் அவர்களைத்தான் நாங்கள் கைது செய்ய வேண்டியிருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மனிதக் கடத்தலுக்கு இவ்வளவு கடுமையான சட்டம் இருந்தும் ஏன் இப்படி? அந்தப் பிள்ளைகள் சிறைக்குப் போகாமல் வெளியே வர நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தில் உள்ள ஒரு வரியை முதலில் தனியே எடுத்துச் சொல்கிறேன், ஏனென்றால் அதற்கு மட்டும் இந்தப் பதிலை முழுதும் படித்து முடிக்கும்வரை காத்திருக்கக் கூடாது. இரவில் அறையை வெளியிலிருந்து பூட்டுவது, வேறு எந்தச் சட்டத்தையும் துணைக்கு அழைக்காமலே, ஒருவருடைய நடமாடும் சுதந்திரத்தைப் பறிக்கும் குற்றமாகும். தென்னாப்பிரிக்கப் பொதுச் சட்டத்தில் அதற்கு ஆட்கடத்தல் (kidnapping) என்ற தலைப்பிலேயே வழக்குப் பதியலாம். அடுப்பும் எரிவாயு உருளையும் உள்ள கட்டடத்தில் இரண்டு பேர் பூட்டிய அறைக்குள் உறங்குகிறார்கள் என்பதும் சாதாரணமாகக் கடந்துபோகக்கூடிய செய்தி அல்ல. பூட்டப்பட்டிருப்பதைத் தாங்களோ வேறொருவரோ நேரில் காணும் இரவில் 10111 எண்ணுக்கு அழைத்து, மனிதக் கடத்தல் என்ற சொல்லைக்கூடப் பயன்படுத்தாமல், "ஆட்களை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறார்கள்" என்று மட்டும் சொன்னாலே போதும், காவலர்கள் வந்து பார்க்கக் கடமைப்பட்டவர்கள்.

இனி, தங்கள் கேள்விக்கு வருகிறேன். சட்டம் பலவீனமானதா என்றால், நிச்சயமாக இல்லை. மனிதக் கடத்தலைத் தடுப்பதற்கான 2013-ஆம் ஆண்டின் 7-ஆம் எண் சட்டம் 2015 ஆகஸ்ட் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. கடத்தல் குற்றத்துக்கு ஆயுள் தண்டனை வரையிலும், 10 கோடி ரேண்ட் வரையிலான அபராதமும் விதிக்க அது இடமளிக்கிறது. அரசியல் சாசனத்தின் 13-ஆவது பிரிவு அடிமைத்தனத்தையும் கட்டாய உழைப்பையும் ஒரே வாக்கியத்தில் தடை செய்துவிடுகிறது. ஆனால் எவ்வளவு கூர்மையான சட்டமாக இருந்தாலும் அது காவல் நிலையத்தின் முதல் மேசையில், முறையீட்டைக் கேட்பவர் அதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுகிறார் என்பதில்தான் உயிர் பெறுகிறது. என் அனுபவத்தில், நீதிமன்றத்தில் தோற்ற வழக்குகளைவிட, வழக்கு என்ற பெயரையே பெறாமல் அந்த மேசையிலேயே முடிந்துபோனவை மிக அதிகம்.

அந்த அதிகாரி ஏன் அப்படிச் சொன்னார் என்பதற்கு வரலாறும் ஒரு காரணம். 2015-க்கு முன்பு, வயது வந்த ஒருவரை உழைப்புச் சுரண்டலுக்காகக் கடத்துவது என்று தனியாக ஒரு குற்றம் இந்த நாட்டில் இல்லை. 2007-ஆம் ஆண்டின் பாலியல் குற்றச் சட்டத் திருத்தத்தில் இடைக்கால ஏற்பாடாக இருந்த பிரிவுகள் பாலியல் நோக்கத்துக்கான கடத்தலை மட்டுமே தொட்டன. குழந்தைகளுக்கு 2005-ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் இருந்தது. ஆகவே ஒரு தலைமுறைக் காவலர்களின் மனத்தில் கடத்தல் என்றால் விபச்சார விடுதியில் அடைக்கப்பட்ட பெண் என்ற சித்திரம்தான் பதிந்திருக்கிறது. மாவு பிசைந்துகொண்டு, வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரிக்கும் இளைஞன் அந்தச் சித்திரத்துக்குள் வருவதில்லை. நம்மவர்களிடமும் இதே குறை உண்டு என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை: "பாவம், ஊரிலிருந்து கூட்டிவந்து சோறு போடுகிறாரே" என்று முதலாளிக்குப் பரிந்து பேசுபவர்களைக் கோயில் மண்டபங்களிலேயே பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது தடை சட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. கடத்தல் என்று நிரூபிக்க மூன்று அம்சங்கள் வேண்டும். ஆளைச் சேர்த்தல், கொண்டுவருதல், இடம் கொடுத்தல் போன்ற ஒரு செயல். மிரட்டல், ஏமாற்று, வஞ்சகம், வேறு வழியற்ற நிலையைப் பயன்படுத்திக்கொள்ளுதல் போன்ற ஒரு வழிமுறை. இவற்றுக்குப் பின்னால் சுரண்டும் நோக்கம். முதலாவது எளிது. மூன்றாவதை எட்டு மாதச் சம்பளமின்மையிலிருந்து காட்டலாம். இடையிலுள்ள வழிமுறைதான் பெரும்பாலும் ஆவியாகிவிடுகிறது, ஏனென்றால் அது தமிழ்நாட்டில் ஏதோ ஒரு தேநீர்க் கடையில் வாய்வார்த்தையாக நடந்திருக்கும். அல்லது ஒரு வாட்ஸ்அப் குரல் பதிவில் இருக்கும், அந்தக் கைப்பேசியும் தொலைந்திருக்கும். சம்பளம் தராத முதலாளி எல்லோரும் கடத்தல்காரர் ஆகிவிடுவதில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். அப்படிப்பட்டவரைச் சிசிஎம்ஏ-வுக்கு அனுப்புவதே சரி. ஆனால் தங்கள் கடிதத்தில் சொல்லப்பட்ட சம்பளத்துக்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாடு, வேலை விசா என்று சொல்லிப் பார்வையாளர் விசாவில் அனுப்பியது, பாஸ்போர்ட், கடன், பூட்டு ஆகிய ஐந்தும் ஒன்றுசேர்ந்து நிற்கின்றன. இவற்றில் ஒன்றிரண்டு மட்டும் இருந்திருந்தால் நான் தயங்கியிருப்பேன். ஐந்தும் இருக்கையில் இதைச் சம்பளத் தகராறு என்று எழுதுவது தவறு என்றே கருதுகிறேன்.

குறிப்பாக, அந்தக் கடனைப் பற்றிச் சில வார்த்தைகள். நம் ஊரில் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் முன்பணம் கொடுத்துக் குடும்பத்தையே பிடித்துவைப்பதைக் கொத்தடிமை என்கிறோம். இங்குள்ள சட்டத்தின் 5-ஆவது பிரிவு அதையே தனிக் குற்றமாக வைத்திருக்கிறது. கடன் தொகை நியாயமற்ற அளவுக்குப் பெரிதாக இருந்தாலோ, எவ்வளவு காலம் என்ன வேலை செய்தால் தீரும் என்று வரையறுக்கப்படாமல் இருந்தாலோ, செய்த வேலையின் மதிப்பு கடனில் கழிக்கப்படாமல் இருந்தாலோ அது கடன் அடிமைத்தனம். எளிய கணக்கு ஒன்றை அந்த இளைஞரையே போடச் சொல்லுங்கள். 2025 மார்ச்சில் நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 28.79 ரேண்ட்; அந்தக் கணக்கில், சட்டப்படியான வாரத்துக்கு 45 மணி நேர வேலை என்றால் மாதத்துக்கு ஏறத்தாழ 5,600 ரேண்ட், எட்டு மாதத்துக்கு 44,000 ரேண்டுக்கும் மேல். அவர்கள் அதைவிட மிக அதிக நேரம் உழைத்திருப்பார்கள். ஒரு விமானச் சீட்டின் விலையை இத்தனை உழைப்பும் தீர்க்கவில்லை என்றால் அந்தக் கடன் எப்படிப்பட்டது என்பதை விளக்க வழக்கறிஞர் தேவையில்லை. வேலை கொடுப்பதற்காகத் தொழிலாளியிடம் பணம் வாங்குவதை 1997-ஆம் ஆண்டின் அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டம் தடை செய்கிறது. வேலை தேடுபவரிடம் கட்டணம் வசூலிப்பதை 2014-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சேவைகள் சட்டமும் தடை செய்கிறது. ஆகவே அந்தக் கமிஷன் கடன், சட்டத்தின் கண்ணில் தொடக்கத்திலிருந்தே செல்லாதது.

"அவனாக விரும்பித்தானே வந்தான்" என்று முதலாளி சொல்வார். ஏமாற்றியோ மிரட்டியோ பெற்ற சம்மதம் கடத்தல் குற்றச்சாட்டுக்கு எதிர்வாதம் ஆகாது என்று சட்டம் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது.

இனி அந்தப் பிள்ளைகளைப் பேசவிடாமல் தடுக்கும் மிகப்பெரிய அச்சத்துக்கு வருகிறேன். விசா முடிந்தவரைக் கைது செய்யவேண்டியிருக்கும் என்று அதிகாரி சொன்னது பாதி உண்மை. மற்ற பாதி கடத்தல் தடுப்புச் சட்டத்தின் 22-ஆவது பிரிவில் இருக்கிறது. கடத்தலுக்கு ஆளானதன் நேரடி விளைவாக ஒருவர் செய்த குற்றத்துக்காக, குடியேற்ற விதிமீறல் உட்பட, அவர் மீது வழக்குத் தொடர்வதற்கு மாகாண அரசு வழக்கு இயக்குநரின் எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும். மாகாண சமூக மேம்பாட்டுத் துறை மதிப்பீடு செய்து, இவர் கடத்தலுக்கு ஆளானவர் என்று அங்கீகாரக் கடிதம் கொடுத்துவிட்டால், அந்தக் கடிதமே வழக்கைத் திரும்பப் பெறுவதற்கு அடிப்படை ஆகிறது. ஆகவே வரிசை முக்கியம்: குடியேற்ற அதிகாரிகளின் கண்ணில் படுவதற்கு முன்பு சமூக மேம்பாட்டுத் துறையின் கோப்பில் அவர்கள் பெயர் இருக்கவேண்டும்.

இங்கே அரசின் மீதும் எனக்கு ஒரு குறை உண்டு. வெளிநாட்டிலிருந்து கடத்தப்பட்டவர் மனம் தேறி யோசிப்பதற்கு மூன்று மாதம் வரை தங்க அனுமதிப்பது, விசாரணைக்காக அதற்கு மேலும் தங்க அனுமதிப்பது ஆகியவற்றுக்கான 15, 16-ஆவது பிரிவுகள், 2015-இல் மற்ற பிரிவுகள் நடைமுறைக்கு வந்தபோது உள்துறையின் விதிமுறைகள் தயாராகவில்லை என்று நிறுத்திவைக்கப்பட்டன. சாட்சி சொல்லப்போகிறவர் நாட்டில் தங்குவதற்கான ஏற்பாட்டைப் பின்னால் தள்ளிவிட்டு, குற்றவாளிக்கான தண்டனையை மட்டும் முன்னால் கொண்டுவந்த சட்டத்துக்குச் சாட்சிகள் கிடைப்பது எப்படி?

இந்த ஊருக்கு இது புதிய சிக்கலும் அன்று. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் நம் முன்னோர் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாக இங்கே இறங்கிய நாள் முதலே, முதலாளி மீது புகார் சொல்ல முதலாளியின் அனுமதிச் சீட்டோடுதான் தோட்டத்தை விட்டு வெளியேற முடியும் என்ற நிலை இருந்தது. 1894-இல் முன்பல் உடைந்து இரத்தம் வழிய டர்பனில் காந்தியின் அலுவலகத்துக்கு வந்த பாலசுந்தரம் என்ற தமிழ்த் தொழிலாளியின் கதை நமக்குத் தெரியும். அந்த வழக்கில் காந்தியால் பெற்றுத்தர முடிந்தது விடுதலையை அன்று. வேறொரு முதலாளிக்கு மாற்றத்தைத்தான். வேலையை விட்டு வெளியேறுவதே குற்றம் என்று அன்றைய சட்டம் வைத்திருந்தது. இன்று பொது வேலை விசாவும் ஒரு குறிப்பிட்ட முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டதுதான். பார்வையாளர் விசாவில் வந்தவருக்கோ அந்தக் கட்டுக்கூட இல்லை, ஆதரவற்று நிற்கிறார். தப்பி ஓடினால் குற்றவாளி ஆவோம் என்ற அச்சம் எந்தப் பூட்டையும்விட உறுதியானது என்பதை முதலாளிகள் அன்றும் அறிந்திருந்தார்கள், இன்றும் அறிந்திருக்கிறார்கள்.

சம்பளத் தகராறு என்றும் கடத்தல் என்றும் இரண்டாகப் பிரிப்பதே அடிப்படைத் தவறு என்பதற்கு ஜொஹானஸ்பர்க் வழக்கு ஒன்றே போதும். 2019 நவம்பரில் வில்லேஜ் டீப் பகுதியிலுள்ள ஒரு தொழிற்சாலையில் தொழிலாளர் துறை ஆய்வாளர்களும் காவல் துறையினரும் சேர்ந்து சோதனையிட்டபோது, மலாவி நாட்டைச் சேர்ந்த 91 பேர் அடைபட்டு வேலை செய்வது தெரியவந்தது. அவர்களில் 37 பேர் சிறுவர்கள். தொழிலாளர் சட்ட ஆய்வு என்ற கதவு வழியாகத்தான் அந்தக் கடத்தல் வழக்கு உள்ளே வந்தது. ஏழு சீன நாட்டவர் 2025 பிப்ரவரியில் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டு, அதே ஆண்டு செப்டம்பரில் 20 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்கள். வெற்றிதான், ஆனால் சோதனைக்கும் தண்டனைக்கும் இடையே ஏறத்தாழ ஆறு ஆண்டுகள். அந்தக் காலம் முழுவதும் சாட்சிகளைக் காப்பாற்றி, மொழிபெயர்ப்பாளர்களைத் தேடி, வழக்கை உயிரோடு வைத்திருப்பது எவ்வளவு கடினம் என்பதைச் செய்தித்தாளின் தலைப்பு சொல்வதில்லை. தொண்ணூற்றொரு பேர் இருந்த இடத்திலேயே இவ்வளவு காலம் ஆயிற்று என்றால், இரண்டே பேர் உள்ள ஒரு பலகாரக் கடைக்கு எந்தப் புலனாய்வுப் பிரிவு தானாக முன்வரும்? ஆகவேதான் தாங்கள் கொண்டுபோய்க் கொடுக்கும் தகவல் ஒழுங்காக இருக்கவேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

அதே காவல் நிலையத்துக்கு மறுபடியும் வாய்மொழியாகப் போகாதீர்கள். முதலில் 0800 222 777 என்ற தேசிய மனிதக் கடத்தல் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். கட்டணம் இல்லை, தங்கள் பெயரைச் சொல்லவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அங்கிருந்து ஹாக்ஸ் என்று அழைக்கப்படும் முதன்மைக் குற்றப் புலனாய்வுப் பிரிவுக்குத் தகவல் போகும் வாய்ப்பு, நிலையத்தின் முகப்பு மேசையிலிருந்து போவதைவிட அதிகம். கூடவே, தாங்கள் கண்டதையும் கேட்டதையும் தேதியிட்டு எழுதி வையுங்கள்: எந்த நாள், எத்தனை மணிக்குப் பூட்டைக் கண்டீர்கள், அந்த இளைஞர் என்ன சொற்களில் என்ன சொன்னார் என்று. அவர் தமிழில் சொன்னதைத் தமிழிலேயே எழுதுங்கள். "சித்திரவதை", "அடிமை" போன்ற தங்கள் சொற்களைச் சேர்த்துவிடாதீர்கள். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் பிடித்துக்கொள்வது அப்படிப்பட்ட ஒரு சொல்லைத்தான். காவலர் வாக்குமூலம் வாங்கும்போது மொழிபெயர்க்கத் தாங்கள் உட்காரவேண்டாம் என்பதும் முக்கியம், நல்லெண்ணத்தோடு அப்படி உட்கார்ந்துவிடுகிறவர்கள் பலர். தாங்கள் இந்த வழக்கில் சாட்சி. சாட்சியே மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தால் இரண்டு வேடத்தின் மதிப்பும் போய்விடும். சாட்ஸ்வொர்த்தில் தமிழ்ப் பெயருள்ள வீடுகள் ஆயிரம் இருந்தும் தமிழ் சரளமாகப் பேசுவோர் குறைந்துவிட்ட காலத்தில், நடுநிலையான ஒரு மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறுவதற்கு வழக்கறிஞர் துணை தேவைப்படலாம். லீகல் எய்ட் சவுத் ஆப்பிரிக்கா, லாயர்ஸ் ஃபார் ஹியூமன் ரைட்ஸ் அமைப்பின் டர்பன் அலுவலகம், குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்தின் சட்ட உதவி மையம் ஆகிய மூன்றில் ஒன்றைப் பணம் இன்றியே நாடலாம்.

பாஸ்போர்ட்டைப் பற்றி முதலாளியிடம் தாங்கள் கேட்கவேண்டாம். இந்தியக் கடவுச்சீட்டு இந்திய அரசின் சொத்து. அதைத் தனியார் ஒருவர் பிணையாக வைத்துக்கொள்ள உரிமை இல்லை. டர்பனிலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்கு இதை எழுத்தில் தெரிவிக்கலாம். ஊர் திரும்ப விரும்பினால் அவர்கள் அவசரப் பயணச் சான்றும் வழங்க முடியும். ஆனால் அவசரச் சான்று வாங்கி உடனே விமானம் ஏற்றிவிடுவதில் ஓர் ஆபத்து உண்டு. சாட்சிகள் இரண்டு பேரும் கடல் தாண்டிவிட்டால் இங்குள்ள வழக்கு பெரும்பாலும் படுத்துவிடும், முதலாளி அடுத்த மாதமே வேறு இருவரை வரவழைப்பார். போவதா, இருந்து சாட்சி சொல்வதா என்பதை அவர்கள்தான் தீர்மானிக்கவேண்டும். முடிவெடுப்பதற்கு முன்பு அவர்களிடமிருந்து பிரமாண வாக்குமூலம் பதிவாகியிருக்கும்படி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊரிலுள்ள ஏஜென்ட் தப்பிவிடுவார் என்று நினைக்கவேண்டாம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்க 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு வேண்டும். சுரண்டலுக்காக ஆளைக் கடத்துவது 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆவது பிரிவில் வருகிறது. வளைகுடா நாடுகளுக்குப் போகும் குறைந்த கல்வியுள்ள தொழிலாளிக்கு உள்ள குடிபெயர்வு அனுமதிச் சோதனை தென்னாப்பிரிக்காவுக்குப் போகிறவருக்குக் கிடையாது என்பதை ஏஜென்டுகள் நன்றாக அறிவார்கள்; அந்த ஓட்டை வழியாகத்தான் இந்தப் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். குடும்பத்தினர் அங்கே மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடம் புகார் கொடுக்கட்டும். பணம் செலுத்திய ரசீதும், குரல் பதிவுகளும் அவர்களிடம் இருக்கக்கூடும். அவற்றின் நகலை இங்கே அனுப்பச் சொல்லுங்கள். நான் முன்பு சொன்ன, ஆவியாகிவிடும் அந்த வழிமுறைக்குச் சான்று கிடைக்கும் இடம் அதுதான்.

தொழிலாளர் ஆய்வாளர்களையும் விட்டுவிடவேண்டாம். வேலையிடத்துக்குள் வாரண்ட் இல்லாமலே நுழைய அவர்களுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் வீட்டுக்குள் நுழையவேண்டுமானால் அங்கிருப்பவரின் சம்மதமோ தொழிலாளர் நீதிமன்றத்தின் அனுமதியோ வேண்டும். பின்னறை கடையின் பகுதியா, வீடா என்று முதலாளி வாதாடக்கூடும் என்பதால், அங்கே மாவு மூட்டைகளோ பாத்திரங்களோ வைக்கப்பட்டிருந்தால் அதையும் குறிப்பில் எழுதுங்கள். சிசிஎம்ஏ-வுக்கு மட்டும் இப்போது போகவேண்டாம். அது முதலாளிக்கு அறிவிப்பு அனுப்பிவிட்டுத்தான் சமரசம் பேச அழைக்கும்; அந்த அறிவிப்புக் கிடைத்த இரவே அந்தப் பிள்ளைகள் வேறு ஊருக்கு மாற்றப்படலாம். சம்பள பாக்கிக்கு மூன்று ஆண்டு அவகாசம் இருக்கிறது, உரிய விசா இல்லாதவரும் தமக்குரிய ஊதியத்தைச் சட்டப்படி கோரலாம், கடத்தல் வழக்கில் தண்டனை கிடைத்தால் அதே நீதிமன்றம் இழப்பீட்டுக்கும் உத்தரவிடலாம். எனவே பணத்தைத் தேடும் வேலை, அவர்கள் பாதுகாப்பான இடத்துக்கு வந்த பிறகு.

கோயில் குழுவின் வாட்ஸ்அப்பில் கடையின் பெயரைப் போட்டுவிடும் எண்ணம் யாருக்காவது இருந்தால் தடுத்துவிடுங்கள். அவதூறு வழக்கு ஒருபுறம் இருக்க, அது முதலாளிக்கு நாம் கொடுக்கும் முன்னறிவிப்பு ஆகிவிடும். நாலு பேர் திரண்டு போய்ப் பிள்ளைகளை அழைத்துவருவதும் வேண்டாம். கல்லாப் பணத்தைத் திருடினார்கள் என்று மறுநாளே ஒரு புகார் வரும், அதை மட்டும் அதே மேசை உடனே பதிவு செய்துகொள்ளும்.

கடைசியாக, தங்களிடம் பேசியவர் ஒருவர்தான், மற்றவர் பேசவில்லை. அவர் சம்மதிக்காமல் போகலாம், முதலாளி அவருக்குத் தூரத்து உறவாகவும் இருக்கலாம், ஊரில் தங்கையின் திருமணத்துக்கு அவரிடமே மேலும் கடன் வாங்கியிருக்கலாம். முதலாமவரின் வாக்குமூலம் மட்டுமே வழக்குத் தொடங்கப் போதுமானது, அங்கீகாரக் கடிதமும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியேதான். ஆகவே இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசாதீர்கள். வியாழனோ வெள்ளியோ பலகாரம் வாங்கப் போகும்போது முதலாமவரிடம் உதவி எண்ணை மட்டும் சொல்லிவிட்டு, மற்றவரிடம் அதைச் சொல்வதா வேண்டாமா என்பதை அவரையே முடிவு செய்ய விடுங்கள்.